சந்தைவெளியில் காத்திருக்கும் நம் இளையோர்

திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை நாம் அறிவோம் (மத் 20:1-16). மாலை ஐந்து மணிக்கும் சிலர் சந்தைவெளியில் நின்றுகொண்டிருந்தனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை வேலைக்கு அழைக்க யாரும் வரவில்லை. படிப்பை முடித்த நம் பிள்ளைகளுக்கு இன்று கைப்பேசியே சந்தைவெளி.

'எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான்' என்று பெற்றோர் பலர் வருந்துகின்றனர். அவன் அதில் வேலை தேடிக்கொண்டும் இருக்கலாம். 2003இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் தளத்தில் இளையோர் தங்கள் படிப்பையும் திறமையையும் பதிவு செய்கின்றனர். நிறுவனங்கள் அங்கேயே ஆள் தேடுகின்றன. வாட்ஸ்அப், டெலிகிராம், முகநூல் குழுக்களில் நேர்காணல் அறிவிப்புகள் வருகின்றன. தம் கல்லூரியில் முன்பு படித்தவர்களிடம் விவரம் கேட்டுப் பரிந்துரையும் பெறமுடிகிறது. நகரத்தில் உறவோ செல்வாக்கோ இல்லாத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு.

ஆனால் அங்கே ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்களும் உண்டு. 2022ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை என்ற சமூக ஊடக விளம்பரங்களை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள், சட்டத்திற்குப் புறம்பாக மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் தமிழக இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர்.

எனவே விழிப்பாயிருப்போம். வெளிநாட்டு வேலைக்கு அழைக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பவரையும், நேர்காணலே இல்லாமல் வேலை உறுதி என்று சொல்லி முன்பணம் கேட்பவரையும் நம்பவேண்டாம். இணையத்தில் பணத்தை இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மனிதர் வேலைக்காக அல்ல, வேலையே மனிதருக்காக என்று திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில் கற்பித்தார். வேலை கிடைக்காத பிள்ளையும் இறைவனின் சாயலே. 'இன்னும் வேலை கிடைக்கவில்லையா?' என்று ஞாயிறுதோறும் கேட்டு அவர்களை நோகடிப்பதை விட்டுவிடுவோம். பணியில் இருப்பவர்கள் தங்கள் அலுவலகக் காலியிடங்களை அன்பியத்தில் தெரிவிக்கலாம். விவரம் அறிந்தவர்கள், வந்த அழைப்பு மெய்யா பொய்யா எனச் சரிபார்த்துச் சொல்லலாம். சமூக வலைத்தளம் நேரடிச் சந்திப்புக்குத் துணையாக அமையவேண்டும் என்பதே திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் உலக சமூகத் தொடர்பு நாளுக்கு வழங்கிய செய்தியின் அழைப்பு.

உவமையில் வரும் நிலக்கிழார் ஆள் அனுப்பவில்லை. ஐந்து முறை தாமே தேடிச் சென்றார். நம் பங்கில் இன்னும் சந்தைவெளியில் நிற்பவர்களை நாமும் தேடிச் செல்வோமா?