நடுத்திடலின் உழைப்பு

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியை மலேசியா பெற்ற அந்த ஆட்டத்தைப் பற்றிக் கிள்ளானின் மூத்த ரசிகர்களைக் கேட்டால், வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கின் பெயரையும், நீண்ட கரங்களின் காரணமாக ‘ஸ்பைடர்மேன்’ என்று புகழ்பெற்ற கோல் காவலர், நம் கிள்ளான் துறைமுகத்துப் பிள்ளை ஆர். ஆறுமுகத்தின் பெயரையும் தயங்காமல் சொல்லுவார்கள். அரசியல் காரணங்களால் அணி மாஸ்கோவுக்குப் போகாமலே நின்றுவிட்ட துயரத்தையும் சேர்த்துச் சொல்லுவார்கள். ஆனால், அன்று நடுத்திடலில் தொண்ணூறு நிமிடமும் ஓடி உழைத்தவர்கள் யார் யார் என்று கேட்டால், சற்று யோசித்த பின்னரே விடை வரும்.

இதில் ரசிகரைக் குறை சொல்ல நியாயமில்லை. மனிதக் கண் பந்தைப் பின்தொடர்கிறது. மத்தியத் திடல் ஆட்டக்காரரின் தொழிலோ பெரும்பாலும் பந்து இல்லாத இடத்திலேயே நடைபெறுகிறது. லிவர்பூலில் பணியாற்றிய விஞ்ஞானி டாம் ரைலி, தாமஸ் என்ற தம் சகாவுடன் சேர்ந்து, இங்கிலாந்தின் முதல்தரக் குழு ஒன்றின் ஆட்டக்காரர்கள் ஓடும் தூரத்தை அளந்து 1976-இல் வெளியிட்டபோது, எல்லாரினும் அதிகமாக, ஏறத்தாழ 10 கிலோ மீட்டர் ஓடுபவர் மத்தியத் திடல் ஆட்டக்காரரே என்பதும், ஆட்டக்காரர்கள் கடக்கும் மொத்தத் தூரத்தில் பந்தோடு கடப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை என்பதும் புலனாயின. ஆட்டத்தின் வேகம் பெருகிவிட்ட இக்காலத்தில், சட்டைக்குள் அணியும் செய்மதிக் கருவிகள் காட்டும் கணக்கு 11, 12 கிலோ மீட்டர் என்று உயர்ந்திருக்கிறது.

தூரம் மட்டுமே இதன் சிரமம் அன்று. நெடுந்தூர ஓட்டக்காரர் ஒரே கதியில் ஓடுகிறார். நடுத்திடலில் நிற்பவரோ நடந்து, திடீரென்று பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்பி, மறுபடியும் பாய்கிறார். இந்தப் பாய்ச்சல்களுக்கு வேண்டிய சக்தியைத் தசைகள் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஸ்வீடன் தேசத்து உடலியல் நிபுணர் பெங்ட் சால்டின் 1970-களின் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களின் தொடைத் தசையைச் சோதித்து, அந்தச் சேமிப்புக் குறைவாக வைத்துக்கொண்டு திடலில் இறங்குபவர்கள் இரண்டாம் பாதியில் ஓடுவதைக் குறைத்து நடக்கத் தொடங்குகிறார்கள் என்று காட்டினார். காலையில் பசியாறாமல் பள்ளிப் போட்டிக்கு வரும் பிள்ளை பிற்பாதியில் சோர்ந்து நிற்பதைச் சோம்பல் என்று ஏசும் பயிற்றுநர் இதைத் தெரிந்துகொள்வது நலம். பிள்ளையின் மனத்தில் குறை இல்லை. தசையில் இருப்பு இல்லை.

இனி, நம் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாக மாறுகிறது. எஞ்சியதெல்லாம் உஷ்ணமாகிச் சரீரத்துக்குள்ளேயே தங்குகிறது. அதை வெளியேற்ற இயற்கை அமைத்த உபாயம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். ஆவியானால் என்பதுதான் நிபந்தனை. வழிந்து மண்ணில் சொட்டும் வியர்வையால் உடலுக்குக் குளிர்ச்சி கிடையாது. பிற்பகலில் 32, 33 டிகிரி வெப்பமும், எந்நேரமும் நீங்காத ஈரப்பதமும் கொண்ட கிள்ளான் பள்ளத்தாக்கில், மழை நாளில் கொடியில் போட்ட துணி உலராதது போல, ஆட்டக்காரரின் தோலின்மேல் வியர்வையும் உலராமல் நிற்கிறது. உடலோ குளிர்ச்சி போதவில்லை என்று கண்டு மேலும் வியர்க்கிறது. மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை நீர் வெளியேறுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. தசைக்கும் தோலுக்கும் ஒருங்கே இரத்தம் அனுப்ப வேண்டிய இருதயம் இரட்டைப் பாரத்தைச் சுமக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே ஓட்டத்தின் திறன் தளர்கிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட முடிவு. நம் மலேசிய சூப்பர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில் வைக்கப்படுவது இதனால் மிகப் பொருத்தமானதே. ஆயினும், இரவிலும் இங்கே காற்றின் ஈரம் குறைவதில்லை.

உஷ்ணத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது மாக்னி மோர் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்டது. ஒரே ஆட்டக்காரர்களை ஒரு முறை 21 டிகிரியிலும் மற்றொரு முறை 43 டிகிரியிலும் ஆடவிட்டுப் பார்த்தார்கள். வெப்பத்தில் மொத்த ஓட்டம் நூற்றுக்கு 7 பங்கும், வேகமான ஓட்டம் 26 பங்கும் குறைந்தன. இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால், பந்துப் பரிமாற்றங்கள் சரியாகச் சேர்ந்த விகிதம் 8 பங்கு கூடியிருந்தது! ஓட்டம் தணிந்த ஆட்டத்தில் பந்து பத்திரமாகக் கைமாறுகிறது. ஆகவே, உஷ்ண தேசத்து மத்தியத் திடல் ஆட்டக்காரருக்குக் கால் வலிமையோடு, அல்லது அதற்கும் முன்னதாக, நிதானமும் பார்வையும் வேண்டும் என்பது என் துணிபு.

பார்வையைப் பற்றியும் விஞ்ஞானம் தெளிவாகப் பேசுகிறது. நார்வே நாட்டு ஆய்வாளர் கெயிர் யோர்டெட், இங்கிலாந்துப் பிரிமியர் லீக் ஆட்டக்காரர்களின் படப்பதிவுகளை ஆராய்ந்து, பந்து தம்மிடம் வருவதற்கு முந்திய சில வினாடிகளில் அவர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் நோக்குகிறார்கள் என்று எண்ணினார். அதிகமாக நோக்குபவர்களே அதிகமான பந்துகளைச் சரியான காலுக்குச் சேர்க்கிறார்கள் என்பது அவர் கண்டது. பந்து வந்தபின் யோசிப்பவருக்கு அவகாசம் இல்லை. தமக்குப் பின்னே யார் நிற்கிறார், எந்த மூலை காலியாக இருக்கிறது என்ற சித்திரத்தைப் பந்து வருவதற்கு முன்பே மனத்தில் வரைந்து வைத்திருப்பவரே நடுத்திடலை ஆளுகிறார். இது பிறவியில் வந்த வரம் என்று பலர் எண்ணுகிறார்கள். இடைவிடாத அப்பியாசத்தால் எந்தச் சிறுவனும் இதை வளர்த்துக்கொள்ள முடியும் என்றே நான் கருதுகிறேன்.

தொழில் ஆட்டக்காரரின் ஆட்ட ஆயுளையும் இந்தப் பார்வையே நீட்டிக்கிறது. வெடித்தாற்போன்ற வேகம் இருபதுகளின் நடுவில் உச்சம் கண்டு, முப்பதை நெருங்கும்போது தணியத் தொடங்குகிறது. ஆட்டத்தைப் படிக்கும் அறிவோ அனுபவத்தோடு வளர்கிறது. நம் எஸ். குணாளனை எடுத்துக்கொள்ளுங்கள். கே. ராஜகோபாலின் பயிற்சியில் 2009-இல் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010-இல் இந்தோனேசியாவை வென்று அவ்வட்டாரத்தின் சுசுகி கிண்ணத்தையும் மலேசியா பெற்ற காலத்தில், பக்கவாட்டில் மின்னலாகப் பாய்ந்த இளைஞர் அவர். பின்னாளில் ஜொகூர் டாருல் தாசிம் குழுவில் வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராக இடம் மாறி, நெடுங்காலம் நிலைத்தார். சரீரம் மாறும்போது ஸ்தானத்தையும் மாற்றிக்கொள்ளும் இந்த விவேகத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால், அனுபவம் திடலில்தான் கிடைக்கும். திடலில் இறங்கும் வாய்ப்போ உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. பணவசதியுள்ள குழுக்கள் அணியின் முதுகெலும்பான இடங்களுக்கு வெளிநாட்டவரை அமர்த்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் ஆதரவில் எழுந்து, 2017-இல் மலேசியப் பிரிமியர் லீக்கில் ஆடி, 2019 முதல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்கில் விளங்கிய குழு, தன் இறுதிப் பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவருமின்றியே பி. மணியத்தின் பயிற்சியில் களம் கண்டது. நடுத்திடலின் முழுப் பொறுப்பையும் உள்ளூர் இளைஞர்கள் வாரந்தோறும் ஏற்ற அரிய காலம் அது. 2022-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அக்குழு லீக்கிலிருந்து விலகியது நம் சமூகத்துக்குப் பெரிய நஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெரிய குழுக்களின் விதி நம் கையில் இல்லை. பள்ளித் திடலின் விதி நம் கையில்தான் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதியபோது, உஷ்ணத்தின் காரணமாக ஆட்டத்தை இடையில் நிறுத்தி ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். வெப்பமும் ஈரமும் வெயிலும் சேர்ந்த அளவு 32 டிகிரியை எட்டும்போது இவ்வாறு நிறுத்தலாம் என்பது உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் நெறி. கோடிகள் ஈட்டும் வளர்ந்த ஆண்களுக்கே இந்தப் பாதுகாப்பு வேண்டியிருக்க, கிள்ளான் வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஓடவிடுவது தகுமா? மாவட்டப் போட்டிகளை நடத்தும் ஆசிரியர்களே, பயிற்றுநர்களே, ஆட்டத்தை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். ஒவ்வொரு பாதியிலும் ஒரு முறை விசில் ஊதி நிறுத்தி, பிள்ளைகளை நிழலுக்கு அழைத்துத் தண்ணீர் கொடுங்கள்.