காட்பாடிக்கு ஒரு சீட்டு

வங்கத்து ரயில் நிலையமொன்றில் பயணச் சீட்டு வழங்குவது என் அலுவல். “காட்பாடிக்கு” என்று எவரேனும் கேட்டால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனைக்குச் செல்வோர் என விளங்கிவிடும். ஒருநாள் வங்காளி முதியவர் ஒருவர், “தமிழில் தண்ணீர் என்பதற்கு என்ன சொல்?” என்று வினவினார். வரிசை நீண்டிருந்தது. “அடுத்தவர்” என்றேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அம்மருத்துவமனையின் வரலாறும் ஓர் உறங்காத இரவில்தான் தொடங்கியது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் கல்வி பயின்றபின், நோயுற்ற தாயைப் பேணவே திரும்பி வந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கில்லை. ஓரிரவு ஆடவர் மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பிரசவ வேதனையுற்ற தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் கூற, அந்நிய ஆடவர் பார்த்தல் வழக்கமன்று என மறுத்தகன்றனர். மறுநாள் மூன்று பெண்களும் மாண்ட செய்தி வந்தது. அதுவரை இணங்காதிருந்த உள்ளம் ஆண்டவர்முன் இணங்கிற்று. 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நிறுவினார். 1960-இல் கொடைக்கானலில் மறைந்தார்.

கிறிஸ்தவ ஊழியம் பேராற்றலைக் கேட்பதில்லை. “ஆகட்டும்” என்னும் மனத்தையே கேட்கிறது.

அன்பர்களே! பிழைக்க வந்த நமக்கு மொழி கற்பித்தவர்கள் அண்டை வீட்டாரே. அவர்கள் வேலூர் செல்லுங்கால், தண்ணீர், மருந்து, வாடகை முதலிய சொற்களை அவர்தம் எழுத்தில் எழுதிக் கொடுப்போம். அத்தகைய தாள்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. அம்முதியவருக்குத்தான் கொடுக்க இயலவில்லை.