செடிக்கு உரமிடுமுன் நீரைச் சோதியுங்கள்

மதுரைக்கு மேற்கே நாகமலை புதுக்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், தறியுள்ள வீடாயினும் தோட்டமுள்ள வீடாயினும், கூடத்திலோ ஜன்னல் ஓரத்திலோ நாலைந்து தொட்டிச் செடிகளைக் காண்கிறோம். நிழலில் வளரும் மணிபிளாண்டும் குரோட்டன்ஸும், வெளிச்சம் விழும் திண்ணையில் ஒரு மல்லிகைத் தொட்டியும் வீட்டுக்கு அழகு தருகின்றன. ஆனால் சில மாதங்களில் இளந்தளிர்கள் வெளுக்கத் தொடங்குகின்றன. உடனே நம்மில் பலர் செய்வது இன்னும் ஒரு கரண்டி உரம் இடுவதே. தளிர் மேலும் வெளுக்கிறது. உரமும் மேலும் இடப்படுகிறது. முடிவில் தொட்டி மண்ணில் உப்பேறி வேர் கருகிச் செடி மடிகிறது. உரத்துக்கும் செடிக்கும் செலவிட்ட பணம் இரண்டும் வீணாகின்றன.

இந்நிலைக்குப் பெரும்பாலும் காரணம் உணவுக் குறைவு அன்று. இட்ட உணவைச் செடி எடுத்துக்கொள்ள இயலாதபடி நீரும் மண்ணும் காரமாகிவிடுவதே காரணம்.

பி.எச். அளவு என்றால் என்ன?

ஒரு நீர் புளிப்பானதா, காரமானதா என்பதை எண்ணால் குறிப்பதே பி.எச். அளவு. கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்னும் வேதியியல் அறிஞர் 1909-இல் இதனை வகுத்தார். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறிற்று என்று பொருள். ஆகவே 7-க்கும் 8-க்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

சாயத் தொழில் அறிந்த அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுவோர் சோடா ஆஷ் இட்டுத் தொட்டியைக் காரமாக்குகின்றனர். பட்டுக்கு அமிலச் சாயம் ஏற்றுவோர் அசிடிக் அமிலம் சேர்க்கின்றனர். சாயம் எவ்வளவு உயர்ந்ததாயினும், தொட்டி நீர் தக்க நிலையில் இல்லாவிடில் அது நூலில் பற்றாமல் கழிவுநீரோடு போய்விடும். செடிக்கு இடும் உரத்தின் கதியும் அதுவே.

உணவு இருந்தும் பட்டினி

மண் நிரப்பிய தொட்டிக்கு 6 முதல் 7 வரையிலும், தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டிக்கு 5.5 முதல் 6.5 வரையிலும் உள்ள அளவு பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது. அளவு 7.5-ஐக் கடக்கும்போது இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை நீரில் கரையாத வடிவம் கொள்கின்றன. மணிச்சத்தும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடுகிறது. இவையெல்லாம் தொட்டியிலேயே இருக்கும்; ஆனால் வேருக்கு எட்டா.

இதன் அடையாளத்தை நன்கு கவனித்தல் வேண்டும். இளந்தளிர் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு எட்டவில்லை என்று கொள்ளலாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை வளர்ப்போர், காரம் மிகுந்த நிலங்களில் இக்குறையைக் காண்பதுண்டு. இதற்கு மாறாக, அடியிலைகள் முழுவதும் மஞ்சளாயின், அது தழைச்சத்துக் குறைவோ, நீர் தேங்குவதோ, வெறும் முதிர்ச்சியோ ஆகலாம். அதனைப் பி.எச். மேல் ஏற்றிப் பயனில்லை.

நமது நீரின் தன்மை

நமது சமவெளியில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினநீர். பருப்பு வேகாத தண்ணீர் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் அதனைக் கூறுவர். வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெண்மையான ஏடு அதற்குச் சான்று. இந்நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புக்கள் நாள்தோறும் ஊற்ற ஊற்றத் தொட்டி மண்ணைச் சிறிது சிறிதாகக் காரமாக்குகின்றன. நிலத்திலாவது பெருமழை பெய்து உப்பைக் கழுவும். வீட்டினுள் உள்ள தொட்டிக்கு அந்த உதவியும் இல்லை.

இந்நிலையில் அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் செடிக்கு நல்லவை என்று போடுவது நோயை வளர்ப்பதாகும். அவ்விரண்டும் காரத்தைக் கூட்டுபவை. அமில மண்ணுக்கு அவை மருந்து. நமது நீருக்கு அல்ல.

சோதிக்கும் முறை

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் எவரும் அறிவர். அதுவும் ஒரு காரச் சோதனையே. மஞ்சள் கரைசலில் தோய்த்து உலர்த்திய தாள், காரம் மிகுந்த நீரில் செம்பழுப்பாகும். ஆனால் 8-ஐ ஒட்டிய அளவு வரை அது பெரிதும் மாறாது மஞ்சளாகவே நிற்கும். ஆகையால் தாள் சிவக்கவில்லை என்பதால் நீர் நன்று என்று முடிவு செய்யலாகாது. வண்ண அட்டையோடு விற்கப்படும் சோதனைத் தாளோ, கையடக்கமான பி.எச். மீட்டரோ வேண்டும்.

முதலில் வெறும் நீரைச் சோதித்து எழுதிக்கொள்க. அடுத்து உரத்தைக் கரைத்து, நன்கு கலக்கிச் சில நிமிடங்கள் விட்டு மீண்டும் சோதிக்க. உரமே நீரின் அளவை மாற்றக்கூடியது. ஆதலின் செடிக்குச் செல்லும் கடைசிக் கரைசலின் அளவே கணக்கு.

மூன்றாவதாகத் தொட்டியைச் சோதிக்க வேண்டும். வழக்கம்போல் நீரூற்றி ஒரு மணி நேரம் கழிந்தபின், அடியில் தட்டு வைத்து, வாலை வடிநீரைச் சிறிதளவு மேலே ஊற்றுக. தட்டில் வடியும் முதல் 50 மில்லி லிட்டரை எடுத்துச் சோதித்தால் வேர் இருக்கும் இடத்தின் நிலை தெரியவரும். இம்மூன்றில் இதுவே முக்கியமானது.

மீட்டர் வைத்திருப்போர், 7 என்றும் 4 என்றும் அளவு குறித்து விற்கப்படும் தாங்கல் கரைசல்களில் அதனை அடிக்கடி சரிபார்த்தல் அவசியம். சரிபாராத மீட்டர் தப்புத் தராசுக்கு ஒப்பாகும். அதன் கண்ணாடி முனை உலர்தல் கூடாது. வெறும் வாலை வடிநீரில் ஊறவும் கூடாது. அதற்குரிய பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்திருக்க வேண்டும்.

திருத்தும் முறை

முதல் வழி மழைநீர். அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்து வருவதால் சற்றே அமிலமானது, உப்பும் குறைவு. தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரில் ஒரு பகுதியைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கிணற்று நீரோடு பாதிப் பாதியாகக் கலந்தால் பல வீடுகளில் அதுவே போதுமானதாகலாம்.

மழைநீர் இல்லாதபோது சிட்ரிக் அமிலம் உதவும். 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் என்று தொடங்கி, கலக்கி, சோதித்து, வேண்டுமாயின் சிறிது சிறிதாகக் கூட்டுக. இதன் பயன் நெடுநாள் நில்லாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். பாட்டரி அமிலம் போன்ற கடும் அமிலங்களை வீட்டில் கையாளவே கூடாது.

வெளுத்த தளிருக்கு அன்னபேதியை மண்ணில் இடுவோர் உளர். கார மண்ணில் அது விரைவில் துருவாக மாறிப் பயனற்றுப் போகிறது. லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தணிந்த மாலையில் இலைமீது தெளிப்பதே முறை. மென்மையான இலையுள்ள செடியாயின் ஓரிலையில் தெளித்துப் பார்த்தபின் மற்றவற்றுக்குத் தெளிக்கலாம். மருந்தாக விற்கும் இரும்புச் சத்திலும் வேற்றுமை உண்டு. ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிலைக்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகை நிலைக்கும். வாங்குமுன் உறையைப் படித்தல் நன்று.

கூடிச் செய்யத்தக்கது

ஒவ்வொரு வீட்டினரும் ஒரு மீட்டர் வாங்க வேண்டியதில்லை. நல்ல மீட்டர் ஒன்றையும் தாங்கல் கரைசல்களையும் சங்கத்தில் வாங்கி வைத்து, வாரத்தில் ஒருநாள் அங்கத்தினர்கள் கொணரும் நீரைச் சோதித்துக் குறித்துக் கொடுக்கலாம். சாயம் போடுவோருக்கும் செடி வளர்ப்போருக்கும் அக்கருவி ஒன்றே. வயல் மண்ணுக்கோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் உள்ளன; 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஆராயப்படும் 12 கூறுகளில் பி.எச். அளவும் ஒன்று.

அங்கத்தினர்கள் ஒரு சிறு நோட்டில் தேதி, ஊற்றிய நீரின் அளவு எண், உரக் கரைசலின் எண், வடிநீரின் எண் ஆகிய நான்கையும் மாதம் இருமுறை குறித்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்று மாதக் கணக்கைப் பார்த்தால் தொட்டி எத்திசையில் போகிறது என்பது விளங்கும். அதன்பின் உரம் வாங்குவதா, வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிக்கலாம்.