மட்டாஞ்சேரித் தமிழரும் கேரள மொழிக்கொள்கையும்: ஆவணம் தேடும் முறை

கொச்சியின் மட்டாஞ்சேரி பன்மொழிக் களம். மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலிய மொழிகளும் அங்கு நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அயலிலுள்ள வெளி என்னும் இடத்தில் சலவைத் தொழில் செய்யும் வண்ணார் சமூகத்தினரும் தமிழ் பேசுவோரே. இவர்களுள் ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்திற்குத் தமிழில் மனு எழுதினால், தமிழில் விடை பெற அவருக்கு உரிமை உண்டா? வினா எளிது. விடை காணப் புகும் மொழியியலார், அரசின் கொள்கை எவ்வகை ஆவணத்தில் தங்கியுள்ளது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

தமிழறிந்தவர் இடறும் இடமும் இதுவே. மலையாள ஆட்சிமொழியில் பேரவை இயற்றும் சட்டத்தை 'நியமம்' என்பர். அதன்கீழ் அரசு வகுக்கும் விதிகளையே 'சட்டம்' என்பர். அங்கு 'விதி' என்பது நீதிமன்றத் தீர்ப்பு. 'வகுப்பு' என்னும் ஒரே சொல் அரசுத் துறையையும் சட்டப்பிரிவையும் சுட்டும். ஒலியொப்புமையை நம்பி மொழிபெயர்ப்பவர், அரசு அரசிதழ் அறிவிப்பால் மாற்றிவிடக்கூடிய விதியைப் பேரவைச் சட்டமாக உயர்த்திவிடுவர். உரிமையின் வலிமையே அதனால் பிறழக் காட்டப்படும். அரசாணை எண்ணின் முன் அடைப்புக்குறிக்குள் வரும் 'கை', 'சாதா' என்பனவும் பொருளற்ற குறிகள் அல்ல. ஆணையின் வகையைக் காட்டுவன. அவற்றை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால், அதே எண்ணுள்ள வேறோர் ஆணை கைக்கு வரக்கூடும்.

இனி மூல வினாவுக்கு வரலாம். குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு. விடை எம்மொழியில் அமையும் என்பதை அது கூறவில்லை. கேரள ஆட்சிமொழிகள் சட்டம், 1969, திருத்தங்களுடன், அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளவும், அம்மொழியிலேயே விடை பெறவும் அது வழிசெய்தது. உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை இவ்வுரிமை மொழிச் சிறுபான்மைப் பகுதிகளுக்கே உரியதாயிற்று. ஆகவே மட்டாஞ்சேரித் தமிழரின் மனு திருவனந்தபுரத்திற்குச் செல்லும்போது ஒரு நிலையையும், கொச்சி வட்ட அலுவலகத்திற்குச் செல்லும்போது வேறொரு நிலையையும் அடைகிறது. சட்ட வாசகத்தை மட்டும் படிப்பவருக்கு இவ்வேறுபாடு முழுமையாக விளங்காது. பகுதிகளை அறிவிக்கும் அரசிதழையும் காண வேண்டும். அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளதா என்பதையும் அரசிதழிலேயே உறுதிசெய்துகொள்ளல் நலம். 2015இல் பேரவை நிறைவேற்றிய மலையாள மொழிச் சட்டமுன்வடிவு குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக ஒதுக்கப்பட்டது. 2025இல் மீண்டும் ஒரு முன்வடிவு நிறைவேறியது. பேரவையில் நிறைவேறியது என்னும் நாளிதழ்ச் செய்தி, சட்டமாயிற்று என்பதற்குச் சான்றாகாது.

பழைய ஆவணங்களைத் தேடுவோர்க்கு மட்டாஞ்சேரியின் ஆட்சி வரலாறு இன்றியமையாதது. அவ்வூர் 1949 வரை கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நடந்தே சென்றுவிடக்கூடிய கோட்டைக் கொச்சியோ ஆங்கிலேயர் ஆட்சியில் மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னையின்கீழ் இருந்தது. முன்னதற்கு எர்ணாகுளத்திலுள்ள ஆவணக் காப்பகத்தையும், பின்னதற்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டும். சி. அச்சுத மேனன் எழுதிய கொச்சி மாநிலக் கையேடு (1911) தொடக்கத்திற்கு ஏற்ற நூல்.

மக்கள்தொகைக் கணக்கிலும் இத்தகைய பொறி உண்டு. 1967 நவம்பர் 1இல் மட்டாஞ்சேரி நகராட்சி கொச்சி மாநகராட்சியுடன் இணைந்தது. எனவே 1961 கணக்கில் தனி நகராகக் காணப்படும் ஊர், அடுத்த கணக்குகளில் அவ்வாறு கிடைக்காது. 2011 கணக்கின் தாய்மொழி அட்டவணைகளை இணையத்தில் பெறலாம். கேரளத்தில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 5 இலட்சம், அதாவது 1.5 விழுக்காடு என அவை காட்டுகின்றன. இருளர் மொழி போன்றவையும் தமிழ் என்னும் தலைப்பின்கீழ் சேர்க்கப்பட்டுள்ளமையால், தொகுப்பு எண்ணையும் தாய்மொழி எண்ணையும் பிரித்தறிதல் மொழியியலாரின் கடமை.

மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கைகள் பயன்மிக்கவை. எனினும் அவை பெரும்பாலும் மாநில அரசுகள் அளித்த விடைகளின் தொகுப்பு என்பது நினைவில் இருத்தல் வேண்டும். பேரவை விவாதப் பதிவுகளை உடன்வைத்துப் படித்தால் விடுபட்டவை புலப்படும்.

இணையத்திலும் நூலகத்திலும் கிடைக்காத ஆணைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 துணைபுரியும். அதன் 6ஆம் பிரிவு விண்ணப்பத்தை ஆங்கிலம், இந்தி அல்லது அப்பகுதியின் ஆட்சிமொழியில் கேட்கிறது. 1969 சட்டம் தந்த தமிழ்க் கடித உரிமை இவ்விண்ணப்பத்தையும் தழுவுமா என்பது ஐயத்திற்குரியதாதலால், காலம் வீணாகாதிருக்க மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவதே தக்கது. 'கொச்சி வட்டத்தில் தமிழுக்குரிய கொள்கை யாது' என வினவினால் பயனுள்ள விடை வருவது அரிது. 'கொச்சி வட்டத்தை மொழிச் சிறுபான்மைப் பகுதியாகச் சேர்த்தோ விடுத்தோ வெளியான அறிவிப்புகளின் படி' எனத் துறையும் ஆண்டு வரம்பும் குறித்துக் கேட்டால், 30 நாட்களுக்குள் படியோ, அவ்வாறான அறிவிப்பு இல்லை என்னும் எழுத்துப்பூர்வமான விடையோ தர அலுவலர் கடமைப்பட்டுள்ளார். ஆய்வுக்கு இரண்டாவதும் சான்றே.