தெரிந்த சொல் தரும் மயக்கம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துள்ளது பழவங்காடி. கணபதி கோயிலால் புகழ்பெற்ற அவ்விடத்தில் நாள்தோறும் தேங்காய் உடைபடும் ஓசை கேட்கும். தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் குடிவந்த மாணவர் ஒருவர் அங்குள்ள உணவகத்தில், ‘வெள்ளம் வேண்டுமா?’ என்னும் பொருளில் மலையாளத்தில் வினவப்பட்டால் திகைப்பார். தமிழில் வெள்ளம் என்பது பெருக்கெடுத்து ஓடும் நீர். மலையாளத்தில் அது குடிக்கும் தண்ணீர். இத்திகைப்பு நன்மையே. பொருள் பொருந்தவில்லை என்பது உடனே விளங்கிவிடுகிறது.

‘அவசரம்’ என்னும் சொல்லோ அவ்வாறு எச்சரிப்பதில்லை. மலையாள நாளிதழில் ‘அவசரம் நஷ்டமாயி’ என்றிருந்தால், அவசரத்தால் நட்டம் நேர்ந்தது என்று தமிழ் மாணவர் பொருள் கொள்வார். அப்பொருளும் இயல்பாகவே தோன்றுவதால் ஐயம் எழாது. உண்மையில் அதன் பொருள், ‘வாய்ப்பு நழுவியது’ என்பதாகும்.

பழகியதை அறிந்ததாகவே கொள்ளும் இவ்வியல்பு மனச்சாய்வுகளுள் ஒன்று. படிக்கும் முறையிலும் இது தலைகாட்டும். அமெரிக்க உளவியலாளர்களாகிய ரோடிகரும் கார்பிக்கும் 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவருள் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை அமர்ந்து படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்து, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் முதற்பிரிவினர் 83 விழுக்காடும், மற்றவர் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்திற்குப் பின் தேர்வெழுதியோரிடையே நிலை தலைகீழாயிற்று: 40, 61. நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர்களோ, திரும்பத் திரும்பப் படித்தவர்களே!

பாடம் உருவாக்குவோரும் இதற்கு விலக்கல்லர். 1990ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர், பலரும் அறிந்த பாடல்களின் தாளத்தை மட்டும் மேசையில் தட்டுமாறு சிலரைப் பணித்தார். கேட்போர் பாதிப் பாடல்களையாவது கண்டறிவர் எனத் தட்டியோர் எண்ணினர். 120 பாடல்களில் கண்டறியப்பட்டவை மூன்றே. தட்டியவர் மனத்தில் மெட்டும் ஒலித்தது. கேட்டவர் செவிக்குத் தட்டொலி மட்டுமே எட்டியது.

மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பாடம் எழுதுகையில் அரிய வடசொற்களுக்கெல்லாம் பொருள் தருவார். ‘அவசரம்’ அவருக்கு எளிய சொல். அருஞ்சொற்பட்டியலில் அதற்கு இடமிராது. தமிழ் மாணவரும் அதைத் தெரிந்த சொல்லென்றே கடந்து செல்வார். ‘வாய்ப்பு’ என்னும் பொருள் இருவருக்கும் இடையே சொல்லப்படாமலே நின்றுவிடும்.