ஆக்சுவரி படிப்பு: நம் வீட்டுப் பிள்ளைகளும் எழுதலாம்

"பையன் ஆக்சுவரி பரீட்சை எழுதப் போகிறானாம் அண்ணாச்சி. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இவ்வளவு கணக்கு எதற்கு?"

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார். பையன் அப்போது பி.எஸ்.சி. கணிதம் முதலாம் ஆண்டு. நமக்கும் விவரம் தெரியாது. விசாரித்துத் தெரிந்து கொண்டதை நமது வணிகர்களுக்கும் சொல்கிறோம்.

ஏஜெண்ட் பாலிசியை விற்பவர். அந்தப் பாலிசிக்கு எவ்வளவு பிரீமியம் வாங்கினால் கம்பெனி கடைசிவரை சொன்ன பணத்தைக் கொடுக்க முடியும் என்று கணக்கிடுபவர் ஆக்சுவரி. பூ விட்டிருக்கும் போதே தோட்டத்தைக் குத்தகை பேசுகிறோமே, காய்ப்பு, மழை, மார்க்கெட் விலை எல்லாவற்றையும் மனதில் போட்டுத்தானே தொகை சொல்கிறோம்? அதையே ஆயுளுக்கும் விபத்துக்கும் ஏட்டுக் கணக்காக அவர்கள் செய்கிறார்கள். நமக்கு ஒரு பருவம், அவர்களுக்கு முப்பது நாற்பது வருஷம். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த ஹாலிதான் 1693-இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று அட்டவணை போட்டவர்.

நம் நாட்டில் 1944-இல் தொடங்கிய ஆக்சுவரிகள் சங்கம், 2006-ஆம் வருஷச் சட்டப்படி இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் ஆயிற்று. பிளஸ் டூ முடித்தவர்கள் அது நடத்தும் 'ஏசெட்' நுழைவுத் தேர்வை எழுதலாம். கணிதம், புள்ளியியல், ஆங்கிலம் எல்லாம் வரும். அதன்பின் பத்துக்கு மேற்பட்ட தாள்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதலாம், முழுதும் முடிக்கப் பல வருஷம் ஆகும். சில தாள்களுக்கு எக்செல், ஆர் போன்ற கம்ப்யூட்டர் வேலையும் தெரிய வேண்டும். தவறினால் மறுபடி கட்டணம். இதைப் பெற்றோர் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கு எம்.எஸ்.சி. இருக்கிறது. ஆனால் பட்டம் மட்டும் வாங்கியவர் ஆக்சுவரி ஆகிவிட முடியாது.

நண்பர் மகன் முதல் தடவை நுழைவுத் தேர்வில் தவறினான். கோச்சிங் என்று ஓரிடத்தில் கட்டிய பணமும் நான்கு வகுப்போடு போயிற்று. பிறகு தானாகவே படித்துத் தேறி, இரண்டு தாளும் முடித்தான். பயிற்சிக்கு விண்ணப்பித்தால் எத்தனை தாள் முடித்தாய் என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். சென்னையில் ஒரு கம்பெனி ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்குக் கூப்பிட்டது.

அங்கேதான் சிக்கல். கோடையில்தான் எலுமிச்சைக்கு விலை. கடையில் பேரேடு எழுதுவது அந்தப் பையன். நண்பர் யோசனை கேட்டபோது, "சீசனை விடலாமா, அடுத்த வருஷம் போகட்டும்" என்று நாம் சொன்னோம். அடுத்த வருஷம் அவனுக்குக் கல்லூரியே முடிந்துவிடும் என்பது நமக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, நண்பர் கேட்கவில்லை. பேரேட்டுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் பொதிகை ஏற்றிவிட்டு வந்தார்.

முதல் மூன்று வாரமும் பிறந்த தேதி தப்பாக ஏறிய பாலிசிகளைப் பொறுக்கி எடுக்கும் வேலைதானாம்.

"நம்ம கடையில அழுகல் காய் பொறுக்குற மாதிரிதாம்ப்பா" என்று போனில் சொன்னானாம். புது ஆள் எழுதிய பேரேட்டில் கூட்டல் தப்பு இரண்டு இடத்தில். ஊருக்கு வந்ததும் அதையும் அவன்தான் கண்டுபிடித்தான்.