பளபளக்கும் பழைய காரின் அடியில் என்ன இருக்கிறது?

இளம் வயதில் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாழ்க்கையில் ஒரு முறையாவது சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. பிள்ளைகள் படித்து முடித்து, சேமநிதிப் பணமும் கைக்கு வந்த பிறகு அந்த ஆசை மீண்டும் தலைதூக்குகிறது. ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால், சாயத்தின் பளபளப்பை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைந்து சேமிப்பைக் கரைப்பவர்களும் இருக்கவே செய்கிறார்கள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்களே, பழைய காருக்கும் அது பொருந்தும்.

பிரிட்டனின் எம்ஜிபி காரை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஆக்ஸ்போர்டுக்கு அருகில் உள்ள ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை இந்தக் கார் தயாரானது. மேற்கூரை திறக்கும் வகை, 1965இல் வந்த கூரையுள்ள ஜிடி வகை எல்லாம் சேர்த்து 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அதனால்தான் உலகின் பல பகுதிகளில் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

உடம்பே எலும்பு

இதற்கு முன் வந்த எம்ஜிஏ காரில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. அதன் மேல்தான் உடற்பகுதி பொருத்தப்பட்டது. எம்ஜிபியில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கிய உடற்கூடுதான் முழு எடையையும் தாங்குகிறது. ஆகவே, இந்தக் காரில் துரு என்பது அழகுப் பிரச்சினை அல்ல. காரின் முதுகெலும்பையே அரிக்கும் நோய்.

அந்த முதுகெலும்பில் முக்கியமானது 'சில்' எனப்படும் பகுதி. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் நடுவே ஓடும் பெட்டி வடிவத் தகடு இது. வெளித்தகடு, உள்ளே ஒரு நடுத்தகடு, அடியில் ஒரு தகடு எனப் பல அடுக்குகள் கொண்டது. கூரை இல்லாத வகையில் மேலிருந்து பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், சில் பலவீனமானால் கார் நடுவில் தொய்ந்துவிடும். விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டிய பகுதியும் இதுவே.

கதவு சொல்லும் உண்மை

காரைப் பகல் வெளிச்சத்தில், ஈரமில்லாத நிலையில் பார்ப்பதே நல்லது. மழையில் நனைந்த சாயம் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். முதலில் கதவின் பின்பக்க இடைவெளியைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து கீழ் வரை அது ஒரே அளவாக இருக்க வேண்டும். மேல்பக்கம் நெருங்கியும் கீழ்பக்கம் அகன்றும் இருந்தால் கார் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பிறகு கதவைத் திறந்து மெதுவாக மேலே தூக்கிப் பார்த்தால், தேய்ந்த கீல் காரணமா, கூடே வளைந்ததா என்பது ஓரளவு புரியும். பட்டறையில் ஒரு பக்கத்தை ஜாக்கி போட்டு உயர்த்தும்போது கதவு இறுகிப்போனாலும், இடைவெளி சட்டென்று மாறினாலும் அந்தக் காரை விட்டு விலகுவதே புத்திசாலித்தனம்.

அழுகிய சில்லின் மேல் புதுத்தகட்டை ஒட்டவைத்து, அடியில் கறுப்புத் தார் பூசி விற்கும் பழக்கமும் உண்டு. மற்ற இடங்கள் பழையதாக இருக்க, அடிப்பகுதி மட்டும் புத்தம் புதிதாகக் கறுத்திருந்தால், எதற்காகப் பூசப்பட்டது என்று கேட்க வேண்டும்.

ஒரு சிறிய காந்தம் போதும்

மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை மட்கார்டு, கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு ஆகிய இடங்களில் வைத்துப் பார்க்கலாம். காந்தம் ஒட்டாத இடத்தில், குழிகளை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருக்கக்கூடும். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 1960களில் வந்த எம்ஜிபி கார்களின் போனெட் அலுமினியத்தால் ஆனது. அதில் காந்தம் ஒட்டாது. அது குறையல்ல; சொல்லப்போனால், அசல் போனெட் இருப்பதற்கான அடையாளம்.

சாயத்தின் மேல் சிறு கொப்புளம் தெரிந்தால், 'லேசான துரு' என்று விற்பவர் சொல்லலாம். இரும்பு துருவாக மாறும்போது அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சாயம் புடைக்கிறது. பல நேரங்களில் துரு தகட்டின் உட்புறத்தில் தொடங்கி வெளியே வருகிறது. வெளியில் தெரியும் கொப்புளம் கடைசிக் கட்டமாகவும் இருக்கலாம்.

தேட வேண்டிய இடங்கள்

முன் மட்கார்டின் உள்ளே, சக்கரம் வாரியிறைக்கும் சேறு மேல்பக்கத்தில் தங்கிவிடும். அதனால் கண்ணாடிக்கு அருகே உள்ள மேல் விளிம்பும், கதவுக்கு முன்னால் உள்ள கீழ் நுனியும் முதலில் கெடும். கதவின் முன்பக்கச் சிறு கண்ணாடிக்குக் கீழே தகடு வெடிப்பது எம்ஜிபியில் எல்லோரும் அறிந்த குறை. பின் சக்கரத்திற்கு முன்னால், சில்லோடு சேரும் கீழ் மூலையும் அப்படியே.

உள்ளே, கம்பளத்தைத் தூக்கிக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரமும் பூஞ்சை வாடையும் இருந்தால் துணிக்கூரையோ கண்ணாடி ரப்பரோ ஒழுகுகிறது என்று பொருள், தரைத்தகடும் அரித்திருக்கலாம். இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தால் மின்கலப் பெட்டிகள் தெரியும். 1970களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட் மின்கலங்கள் இரண்டு அங்கே இருந்தன. சிந்திய அமிலம் பெட்டியைத் தின்றிருக்கும். அதன் அருகில்தான் பின் வில்லின் முன்முனை பிணைக்கப்பட்டுள்ளது; அந்த இடம் கெட்டால் பின் சக்கரமே நிலை தவறும். இருக்கை வார் பிணைக்கப்பட்ட இடங்களையும் விட்டுவிடக் கூடாது.

பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். அங்கு நெடுநாள் ஓடிய கார் அந்த உப்பின் பாதிப்போடு வரலாம். நம் வட்டாரத்தில் சாலை உப்பு இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஈரக்காற்றும், கடலோரமானால் உப்புக்காற்றும் அதே வேலையைச் செய்கின்றன.

எதைப் பொறுக்கலாம்?

எம்ஜிபியின் 1,798 சிசி இயந்திரம் எளிமையானது. அதற்கு உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. புகை, எண்ணெய்க் கசிவு, கிழிந்த இருக்கை இவற்றை விலை பேசிக் குறைத்துக்கொள்ளலாம். உடற்கூட்டில் கைவைத்தால்தான் செலவு எல்லை மீறும். சில்லை மாற்றும்போது கூட்டைச் சரியாகத் தாங்கி, கதவு இடைவெளியை அடிக்கடி பார்த்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணலே நிரந்தரமாகிவிடும். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபிக்கு முழு உடற்கூட்டையே புதிதாகத் தயாரித்துத் தந்தது. பழைய கூட்டைச் செப்பனிடுவது எவ்வளவு கடினமானது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன், பழைய கார்களைப் பற்றவைத்து அனுபவமுள்ள ஒரு பட்டறைக்காரரை அழைத்துச் சென்று, அவருக்குரிய கூலியைக் கொடுத்துக் காரை உயர்த்திப் பார்ப்பது நல்லது. காரின் எண் பதிவு ஆவணத்தோடு பொருந்துகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். காரை உயர்த்திக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். விற்பனைக்கு இன்னும் எத்தனையோ எம்ஜிபிகள் இருக்கின்றன. சேமநிதிப் பணமோ ஒரு முறைதான் வரும்.